நாற்பத்தேழு வினாடி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. அந்த ஓரத்தில் காற்று அடிக்கும், இப்படி நகர்ந்து உட்காருங்கள். லோமா சேக்கா என்ற ஊரில் நாற்பத்தேழு வினாடி திருடு போன கதையைச் சொல்கிறேன். பணமில்லை, நகையில்லை, வெறும் நாற்பத்தேழு வினாடி. திருடியது யார் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த பிறகுதான் அவளுக்கு மனசு கனத்தது. தடயம் எல்லாவற்றையும் உங்கள் முன்னாலேயே பரப்பி வைக்கிறேன். ஒளிக்க மாட்டேன்.

செவ்வாய், மாலை 6.40.

பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்திய அறையில் வெர்னெல் ஹேஸ்கின்ஸ் ஒரு சீருடைக் காலருக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தெட்டு. ஆபீசில் வருகைப் பதிவு அவள் பொறுப்பு. காலையில் வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போடுவாள். தொடர்ந்து வராவிட்டால் கடிதம் அனுப்புவாள். மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவாள். முப்பத்தோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. சாயங்காலத்தில் பேண்டுப் பிள்ளைகளின் உடுப்பைத் தைத்துக் கொடுப்பது சம்பளமில்லாத வேலை. வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சி மட்டும்தான் பேசும். இங்கே இருந்தால் "மிஸ் வெர்னெல், பட்டன் போச்சு" என்றாவது நாலு பேர் கூப்பிடுவார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு டுவேன் பிக்கெட் வந்தார். பேண்டுப் பெற்றோர் சங்கத் தலைவர். மகன் பெரிய டிரம் அடிக்கிறான். அப்பாவுக்கு டிரம் தேவையில்லை, தொண்டையே போதும்.

"லீலண்ட்! எங்கய்யா இருக்க? போச்சு, எல்லாம் போச்சு!"

உள்ளறையிலிருந்து பேண்டு மாஸ்டர் லீலண்ட் ஸ்ட்ரவுட் வெளியே வந்தார். பிக்கெட் தன் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

போனில் பேண்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கமிருந்து, உயரத்திலிருந்து எடுத்த படம். எண்பத்தெட்டுப் பிள்ளைகளின் முதுகு. தொடக்கத்தில் ஒரு வெட்டுக்கிளி படத்தின் குறுக்கே வந்து 'டக்'கென்று எதிலோ மோதிப் பறந்தது. டிரம்கள் அதிர்ந்தன, கொடிகள் சுழன்றன. பிறகு எண்பத்தேழு பேரும் அப்படியே தரையில் சாய்ந்தார்கள். வறண்ட மண் மாதிரி. நிசப்தம். நின்றிருந்த ஒரே பையன், பிக்கெட்டின் மகன், கோலை ஓங்கிப் பெரிய டிரம்மில் ஒரே ஒரு அடி அடித்தான். அதோடு மைதானம் முழுக்க ஒரு நீலத் துணி வெள்ளம்போல ஓடி வர வேண்டும். ஓடியது. பாதியில் மடங்கிச் சிக்கியது. படம் முடிந்தது.

நாற்பத்தேழு வினாடி. கீழே ஒரு வரி: 'லோமா சேக்கா பேண்டு. இன்னும் முடியல. ஆனா பாருங்க.' போட்டது யார் என்று பெயரில்லை. ஒரு மணி நேரத்தில் ஆறாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். பாதிப் பேர் சிரித்திருந்தார்கள்.

ஸ்ட்ரவுட் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆகஸ்ட் வெயிலில் தொடங்கிய உழைப்பு. வெள்ளிக்கிழமை ஃபுட்பால் இடைவேளைகளில் பேண்டு ஆடும்போதுகூட முதல் மூன்று பாகத்தோடு நிறுத்திவிடுவார். ஆட்டத்தின் முடிவை யாருக்கும் காட்டியதில்லை. சனிக்கிழமை மண்டலப் பேண்டுப் போட்டி. முதல் நான்கு இடம் வந்தால் மாநிலப் போட்டி.

"இன்னிக்கு எடுத்ததுதான். அந்தத் துணி இன்னிக்குத்தான் முதல் தடவை சிக்குச்சு. சாயங்காலம் அஞ்சே காலுக்கு" என்றார்.

"கேட் பூட்டி இருந்துச்சா?"

"பூட்டினது நான்தான்."

"பசங்க போனெல்லாம்?"

ஸ்ட்ரவுட் சுவரைப் பார்த்தார். அங்கே எண் போட்ட துணிப் பைகள் வரிசையாகத் தொங்கும். பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரும் தன் போனை அதில் போட வேண்டும். அன்றைய குறிப்பேட்டைப் புரட்டினார். நாற்பத்தோராம் பை மட்டும் காலி என்று எழுதியிருந்தது.

"நாப்பத்தொண்ணு யாரு?" என்றார் பிக்கெட்.

வெர்னெலுக்குத் தெரியும். அந்த எண்ணை ஒரு காலரில் அவளே தைத்திருந்தாள். கையிலிருந்த கொக்கியிலேயே கண்ணை வைத்துக்கொண்டாள்.

"ஹிமேனா கான்டூ" என்றார் ஸ்ட்ரவுட்.

புதன், காலை 8.15.

ஹிமேனாவுக்குப் பதினேழு வயது. மெல்லோஃபோன் என்னும் பித்தளைக் கருவி ஊதுகிறவள். கடைசி வருஷம். ஸ்ட்ரவுட், பிக்கெட் இருவருக்கும் எதிரே நேராக உட்கார்ந்திருந்தாள். வெர்னெல் ஓரத்தில் குறிப்பெடுத்தாள். ஒரு பிள்ளையைப் பயிற்சியிலிருந்து நீக்கினால் அதைப் பதிவு செய்ய வேண்டியது அவள்தான்.

"நேத்து அஞ்சே காலுக்கு எங்க இருந்த?" என்று கேட்டார் ஸ்ட்ரவுட்.

"வாத்தியம் ஏத்தற லாரிக்குப் பின்னால, சார். பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்."

"போன்?"

"கையில இருந்துச்சு."

"எதுக்கு?"

"அப்பா கூப்பிடுவார்னு. கடல்ல எண்ணெய்க் கிணத்துல வேலை. செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்குத்தான் அவருக்கு லைன் கிடைக்கும்."

"கூப்பிட்டாரா?"

"இல்ல."

"அடடா!" என்றார் பிக்கெட். "சாட்சி சொல்ல வேண்டிய நேரம் பாத்து கடலுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

"டுவேன், சும்மா இரு" என்றார் ஸ்ட்ரவுட். ஆனால் அவர் முகமும் இளகவில்லை. வீடியோவில் மெல்லோஃபோன் வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. மற்ற எல்லோரும் படத்தில் இருக்கிறார்கள். அவள் மட்டும் இல்லை. படம் பின்பக்கம் உயரத்திலிருந்து எடுத்தது. மைதானத்துக்குப் பின்னால் இருபது கஜத்தில் நிற்பது லாரி. அதன் கூரைமேல் ஏற இரும்பு ஏணி உண்டு.

இன்னொன்றும் இருந்தது. செப்டம்பர் கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடியவள் இவள்தான். "வாராவாரம் எடுக்கற வீடியோவை எல்லாரும் பாக்கற மாதிரி போடுங்க சார். நேர்ல வர முடியாதவங்க பாக்கட்டுமே. எங்கப்பா நாலு வருஷமா என்னை ஒரு தடவைகூட பாத்ததில்ல." அப்போது கைதட்டினவர்களும் உண்டு. "பக்கத்து ஊர்க்காரன் நம்ம முடிவைச் சுட்டுட்டுப் போவான்" என்று கத்தியவர் பிக்கெட்.

அன்று ஸ்ட்ரவுட் சொன்ன பதில் வேறு. "பாதி வெந்ததை நான் பரிமாற மாட்டேன். போன வருஷம் பிரின்லி சோவெல் ஆட்டத்து நடுவுல ஓடும்போது கால் இடறி விழுந்தா. யாரோ பதினோரு வினாடி எடுத்துப் போட்டாங்க. எண்பதாயிரம் பேர் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு பேண்டை விட்டா, பள்ளிக்கூடத்தையே விட்டா. இன்னொரு பிள்ளைக்கு அது நடக்க விட மாட்டேன். அதுக்குத்தான் இந்த விதி." கூட்டம் அடங்கிவிட்டது.

இப்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஹிமேனா, நாளைக்கு மூணரை மணிக்குள்ள உண்மையைச் சொல்லு. இல்லாட்டி சனிக்கிழமை உன் இடம் காலியாவே போகும்."

அதுவரை திடமாக இருந்த பெண் அப்போதுதான் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். "அப்பாவுக்கு லீவு கிடைச்சிருக்கு சார். சனிக்கிழமை வர்றார்."

வெர்னெலின் பேனா நின்றுவிட்டது. அன்றாடம் அவள் கணக்கெடுப்பது வராதவர்களைத்தான். ஒரு இடம் காலியாக இருந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்: காய்ச்சல், கார் பழுது, சட்டை துவைக்கவில்லை, ராத்திரி வீட்டில் சண்டை. காலி இடத்தைக் குற்றம் என்று அவள் ஒருநாளும் எழுதினதில்லை.

புதன், பகல் 12.10.

தன் மேசையில் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே வெர்னெல் அந்த வீடியோவைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஏழாவது தடவை ரொட்டியைக் கீழே வைத்தாள்.

பையனின் கோல் டிரம்மில் இறங்குகிறது. சத்தமில்லை. கோல் மேலே எழும்புகிறது. அப்போதுதான் 'டம்'.

போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆபீஸ் கணினியில் போட்டாள். அங்கேயும் அப்படியே. நேராக ஸ்ட்ரவுட்டிடம் போனாள். பிக்கெட்டும் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசி அடி கொஞ்சம் லேட்டா கேக்குதே?"

ஸ்ட்ரவுட் பொறுமையாகச் சிரித்தார். "மைதானத்துல சத்தம் எப்பவுமே லேட்டாத்தான் வரும், மிஸ் வெர்னெல். பசங்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்குடுக்கறது அதுதான். காதை நம்பாதே, முன்னால நின்னு தாளம் காட்டறவ கையைப் பாரு. எனக்கெல்லாம் இப்ப அது உறைக்கறதே இல்ல."

"எல்லா அடியும் லேட்டா வரலையே? நடுவுல சரியாத்தானே இருக்கு?"

"நிமிஷத்துக்கு நூத்திருபது அடி அடிக்கறோம். எல்லாம் ஒரே சீரா போகும்."

"அது ஏதோ ஓட்டைப் போன்" என்றார் பிக்கெட். "மிஸ் வெர்னெல், நீங்க கொக்கி தைங்க. துப்பறியற வேலைக்கு ஷெரீஃப் ஆபீஸ்ல ஆள் இருக்கு. அவங்களே சும்மாத்தான் உக்காந்திருக்காங்க."

"ஓட்டைப் போனா இருந்தா வெட்டுக்கிளியும் லேட்டா வந்திருக்கணுமே, டுவேன்" என்றாள் வெர்னெல்.

"எந்த வெட்டுக்கிளி?"

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். எட்டாவது தடவை பார்த்தாள். இந்தத் தடவை டிரம்மைப் பார்க்கவில்லை. படம் எங்கே நகர்கிறது என்று பார்த்தாள். அது மெல்லோஃபோன் வரிசையில் ஒருமுறைகூட நிலைக்கவில்லை. நடுவில் நிற்கும் தனி ஊதல்காரனையும் கண்டுகொள்ளவில்லை. கொடிக்காரப் பெண்கள் பதினான்கு பேர். அவர்களில் மூன்றாவது கொடியை மட்டும் விடாமல் தொடர்ந்தது. அந்தக் கொடி இடப்பக்கம் ஓடினால் படமும் இடப்பக்கம். அது குனிந்தால் படமும் குனிந்தது.

மூன்றாவது கொடியைத் தூக்குவது இந்த வருஷம் புதிதாய்ச் சேர்ந்த சின்னப் பெண். அவள் உடுப்பை வெர்னெல் இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்திருந்தாள். அது வேறு ஒருத்தியின் உடுப்பு.

புதன், மதியம் 3.20.

பயிற்சிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. காலி மைதானத்தில் ஹிமேனா தனியாக உட்கார்ந்து காலணியால் புல்லைக் கீறிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளைக்கு அவளுக்குப் பயிற்சி இல்லை, ஆனாலும் வந்திருந்தாள்.

"எழுந்திரு கண்ணு. அந்தக் கடைசி அடியை பிக்கெட் பையன் எங்க நின்னு அடிப்பான், காட்டு."

"எதுக்கு மிஸ் வெர்னெல்?"

"நடக்கணும். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்."

ஹிமேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு. புல்லில் வெள்ளைச் சாயப் புள்ளி ஒன்றைக் காட்டினாள். வெர்னெல் அதன்மேல் நின்று, மைதானத்தின் பின்பக்கமாகத் திரும்பி, காலடிக்கு ஒரு கஜமாக நீட்டிப் போட்டு நடக்கத் தொடங்கினாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டாள். லாரியின் கூரை உயரம் வரை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். அதைத் தாண்டினாள்.

"மின்னல் அடிச்சா உங்கம்மா எண்ணச் சொல்வாங்களா?"

"சொல்வாங்க. வெளிச்சம் வந்ததும் எண்ணணும். அஞ்சு எண்றதுக்குள்ள இடி கேட்டா ஒரு மைல் தூரம்."

"அரை வினாடில கேட்டா?"

ஹிமேனா விரலை மடக்கினாள். "மைல்ல பத்துல ஒரு பங்கு. நூத்தி... எழுபத்தாறு கஜம்." நின்றுவிட்டாள். "மிஸ் வெர்னெல், லாரி இருபது கஜத்துல இருக்கு."

"இருக்கு."

"அப்ப நான் இல்ல!"

"நீ இல்லன்னு எனக்குக் காலைலயே தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே. நீ இங்கயே இரு, வேலிக்கு அந்தப் பக்கம் உனக்கு வேலையில்ல."

வேலிக்கு வெளியே வெர்னெல் சுற்றிக்கொண்டு போய் விட்ட எண்ணிக்கையிலிருந்து தொடர்ந்தாள். பஞ்சாலை ரோட்டைக் கடந்தாள். நூற்று எழுபதில் அவள் செருப்பு சிமென்ட்டில் பட்டது. எதிரே சலவைக் கடை. அதன் இரு பக்கமும் காலி மனை. கடைக்கு மேலே ஒரு மாடி. ஒரே ஒரு ஜன்னல். பூச்சிக்குக் கம்பி வலை அடித்திருந்தது. மாடிப்படிக் கதவின்மேல் எண் 214.

அந்த முகவரியை அவள் மூன்று முறை உறையில் தட்டச்சு செய்திருக்கிறாள். மனசு மறந்தாலும் விரல் மறக்கவில்லை. வெயிலில் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். யாருக்கு அனுப்பிய கடிதம் என்று இப்போது சொல்ல மாட்டேன். உங்களில் சிலர் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பீர்கள், மற்றவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழன், பகல் 12.20. வெர்னெல் அந்த மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினாள். 1.05க்கு இறங்கி வந்தாள்.

வியாழன், மதியம் 3.30.

பேண்டு அறையில் நான்கு பேர். ஸ்ட்ரவுட், பிக்கெட், ஹிமேனா, வெர்னெல்.

"சொல்ல ஏதாவது இருக்கா?" என்று ஹிமேனாவைப் பார்த்துக் கேட்டார் ஸ்ட்ரவுட்.

"எனக்கு இருக்கு" என்றாள் வெர்னெல். "டுவேன், அந்தக் கடைசி அடியைப் போடுங்க. கோலைப் பாத்துக்கிட்டே கேளுங்க."

பிக்கெட் முனகிக்கொண்டே போட்டார். கோல் இறங்கியது. சத்தமில்லை. 'டம்.'

"அரை வினாடி. இப்ப முதல்ல இருந்து போடுங்க. வெட்டுக்கிளி மோதறதும் 'டக்'குன்னு கேக்கறதும் ஒரே நேரம். போன்ல கோளாறு இல்ல. கிட்ட நடந்தது சரியா கேக்குது. தூரத்துல நடந்ததுதான் லேட்டு. படத்தை இழுத்துப் பெருசாக்கி எடுத்திருக்காங்க, அதனால கிட்ட மாதிரி தெரியுது."

ஸ்ட்ரவுட் முன்னால் சாய்ந்தார். "ஆனா நடுவுல எல்லாம் பொருந்துதே?"

"நிமிஷத்துக்கு நூத்திருபதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அரை வினாடிக்கு ஒரு அடி. ஒரு அடி முழுசா பிந்தினா அடுத்த அடி மேல போய் விழும். பாக்கறவங்களுக்குப் பொருந்தின மாதிரியே இருக்கும். கடைசி அடிக்கு மட்டும் அடுத்த அடின்னு ஒண்ணு இல்ல. அது தனியா நின்னு காட்டிக் குடுத்துடுச்சு."

பிக்கெட் அந்தக் கடைசி அடியை இன்னொரு தடவை போட்டார்.

"உங்க எல்லாருக்கும் இது கேட்டிருக்கும். ஆனா உறைக்கல. காதை நம்பாதேன்னு இருபது வருஷமா சொல்லி, சொல்லி, உங்க காதே உங்களுக்கு அந்நியமாயிடுச்சு. எனக்கு பேண்டு தெரியாது. அதனால கேட்டுச்சு."

"அரை வினாடின்னா..." ஸ்ட்ரவுட் மனசுக்குள் கணக்குப் போட்டார். "லாரி இல்ல. வேலிக்கு வெளியே. ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"நடந்து பாத்துட்டேன்."

பிக்கெட் ஹிமேனாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "பொண்ணு... நான் வாய் ஜாஸ்தி பேசிட்டேன்."

"பரவால்ல சார். தினமும் அப்படித்தானே" என்றாள் ஹிமேனா.

"சரி, ஆள் யாரு? எவனா இருந்தாலும் இன்னிக்கே அதை எடுக்கச் சொல்லணும்!" என்று பிக்கெட் பழைய குரலுக்குத் திரும்பினார்.

வெர்னெல் ஸ்ட்ரவுட்டிடம் சொன்னாள்: "நம்ம ஊர் பேரையும் பேண்டுன்னும் போட்டுத் தேடுங்க, சார்."

அவர் தேடினார். முதலில் வந்தது அந்த நாற்பத்தேழு வினாடி. அதற்கு அடுத்தது பதினோரு வினாடி. சிறு படத்தில் ஒரு பெண் புல்லில் முகம் குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் கொடி. அதற்குக் கீழே வேறு எதுவும் இல்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் அந்த ரெண்டாவதுதான் முதல்ல வந்துக்கிட்டிருந்துச்சு. வருஷம் பூரா. முதலும் அதுதான், கடைசியும் அதுதான்."

ஸ்ட்ரவுட்டின் விரல் திரைமேல் நின்றது. "பிரின்லி" என்றார்.

"பிரின்லி சோவெல். போன வருஷம் மூணாவது கொடி. படம் பூரா மூணாவது கொடி பின்னாலயே போகுது, பாத்தீங்களா? சலவைக் கடை மாடில இருக்கா. அம்மா ரெண்டு வேலைக்குப் போறாங்க. தினம் நாலு மணிக்கு ஜன்னல்ல நின்னு உங்க பயிற்சியைப் பாக்கறா. துடைப்பக் கட்டையை வெச்சு கூடவே ஆடறா. இந்த வருஷத்து ஆட்டம் அவளுக்கு மனப்பாடம்."

"அப்புறம் ஏன் இப்படி..." என்றார் பிக்கெட். அவர் குரல் இறங்கியிருந்தது.

"நானும் கேட்டேன். அவ சொன்னதை அப்படியே சொல்றேன். 'தேடினா நான் விழறது மட்டும்தான் வருது, மிஸ் வெர்னெல். சார் வேற எதையும் போட விடறதில்ல. மேல நல்லதா ஒண்ணு வந்தா நான் கீழ போயிடுவேன்னு நினைச்சேன்.' அவ்வளவுதான். துணி சிக்கினது அவளுக்குப் பெரிசாவே தெரியல. ரொம்ப அழகா இருந்துச்சாம். ஹிமேனா மாட்டிக்கிட்டது அவளுக்குத் தெரியாது. சொன்னதும், 'என் பேரைச் சொல்லிடுங்க' அப்படின்னா. அனுமதி வாங்கிட்டுத்தான் இங்க வந்தேன்."

ஸ்ட்ரவுட் அந்தச் சிறு படத்தையே பார்த்தார். பிள்ளைகளைக் காப்பதற்கென்று அவர் சாத்திய கதவு, ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திச் சாத்தப்பட்டிருந்தது.

"அவ வீட்டுக்கு நான் ஒருநாள்கூடப் போகல" என்றார்.

"நான் மூணு கடிதம் போட்டேன்" என்றாள் வெர்னெல். "அச்சடிச்ச கடிதம். கீழ கையெழுத்து மட்டும் என்னோடது. பதில் வரலன்னு பேரை எடுத்தேன். நடந்து போனா ஆறு நிமிஷம்."

வெளியே பிள்ளைகள் வாத்தியங்களைச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. ஸ்ட்ரவுட் எழுந்தார். "ஹிமேனா, ஓடு. உன் இடத்துல போய் நில்லு."

"அந்த வீடியோ, லீலண்ட்?" என்றார் பிக்கெட். "நடுவருங்க பாத்துட்டா? நம்ம முடிவுக்கு இருக்கற ஒரே பலமே யாரும் எதிர்பாக்க மாட்டாங்கங்கறதுதான். எடுத்தா இன்னும் கொஞ்சம் மிஞ்சும்."

"எடுத்தா அவ மறுபடியும் முதல்ல வந்துடுவா, டுவேன்."

பிக்கெட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டியன்று மகன் ஏறி நின்று அந்த ஒற்றை அடியை அடிக்க மூன்று மாதம் மரம் அறுத்து மேடை செய்தவர் அவர். "சரி, இருக்கட்டும்" என்றார் கடைசியில். "துணியை மட்டும் நான் இன்னிக்கு மாத்தி மடிக்கறேன்."

சனி, பகல் 3.10.

பஸ்ஸில் ஒரு இருக்கையைக் காலியாக வைக்கிறேன் என்று ஸ்ட்ரவுட் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிரின்லி கதவைத் திறந்தாள், கேட்டாள், தலையாட்டினாள். ஆனால் பஸ் புறப்படும்போது வரவில்லை. அவ்வளவு பேர் நடுவில் நடக்க அவளுக்கு இன்னும் கால் வரவில்லை.

வெர்னெலும் பஸ்ஸில் ஏறவில்லை. பீச் பழம் போட்டு வேகவைத்த இனிப்பைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு சலவைக் கடை மாடி ஏறினாள். போட்டியை நேரலையில் காட்டினார்கள். பிரின்லி தன் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். கீழே சலவை இயந்திரங்கள் சுழலும் அதிர்வில் அது மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. வெர்னெல் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போகலையா? எல்லாரும் போனாங்களே."

"எனக்கு ஸ்டேடியத்துப் படி ஏற முடியாது கண்ணு."

"இந்தப் படி மட்டும் ஏறினீங்க?"

"இதுல கைப்பிடி இருக்கு."

பேண்டு மைதானத்துக்குள் நுழைந்தது. பிரின்லி எழுந்து நின்றாள். கையில் எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது கொடி திரும்பியபோது அவளும் திரும்பினாள். அந்தச் சின்ன அறையில் மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே நான்கடி இடத்தில், நூறு கஜ மைதானத்தின் ஓட்டம் முழுவதையும் ஓடினாள். வெர்னெல் திரையைப் பார்த்தாள்; அவளைப் பார்த்தாள். மெல்லோஃபோன் வரிசையில் இடைவெளி இல்லை.

எல்லோரும் சாய்ந்தார்கள். பிரின்லியும் தரையில் படுத்தாள். நிசப்தம். ஒரே அடி.

துணி ஓடியது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, மடங்காமல், சிக்காமல்.

அரை மணியில் வெர்னெலின் போனுக்கு ஒரு படம் வந்தது. வெயிலில் கறுத்த ஒரு மனிதர் ஹிமேனாவின் தொப்பியைத் தான் போட்டுக்கொண்டு அவளோடு நின்றார். இருவர் கண்களும் வீங்கியிருந்தன. போட்டி முடிவு ஆறு மணிக்கு வந்தது. ஐந்தாம் இடம். முதல் நான்கில்லை, மாநிலப் போட்டி இல்லை. ஆட்டத்தின் முடிவை முன்பே காட்டியதால்தான் போனதா என்று அந்த ஊரில் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தெரியாது. நடுவர்களுக்குத்தான் தெரியும்.

"என்னாலயா?" என்று கேட்டாள் பிரின்லி.

"தெரியல கண்ணு" என்றாள் வெர்னெல். பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "உன்னை யாரும் குத்தம் சொல்லல. அது மட்டும் தெரியும்."

பிரின்லி இனிப்பைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஆடினதையும் சார் போடுவாரா?"

"திங்கட்கிழமை போடறேன்னார்."

"அப்ப என்னோடது மூணாவது ஆயிடும்." விரலை மடக்கினாள். "தேடினா ஒரு பக்கத்துக்குப் பத்துதான் வரும். இன்னும் எட்டு வந்தா அடுத்த பக்கம் போயிடுவேன். அடுத்த பக்கத்தை யாரும் திருப்ப மாட்டாங்க."

வெர்னெல் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இருட்டுவதற்கு முன் ஸ்ட்ரவுட்டுக்குப் போன் போட்டு ஒரே ஒரு எண்ணைச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வசந்தம் வருவதற்குள் எட்டு வீடியோவும் போட்டார். அதில் ஐந்து பாதி வெந்ததுதான்: சுதி விலகியது, வரிசை கோணியது, ஒரு பையனின் தொப்பி காற்றில் பறந்தது. போடும்முன் படத்தில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுக் காட்டி, சரியா என்று கேட்டுத்தான் போட்டார்.

கதை அவ்வளவுதான். எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் சமைத்தது குறையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் இடறினால் தூக்கிவிட முதலில் ஒரு கை வரட்டும். அவர்களைப் பார்க்கிற கண்ணெல்லாம் நல்ல கண்ணாக இருக்கட்டும். நன்றாக இருங்கள்.